இடையன்குடியில் ஒரு கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்தால் போதும், எங்கள் வீட்டு வாண்டுகள் இரண்டும் காலண்டர் முன்னால் நின்று நாள் எண்ண ஆரம்பித்துவிடும். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளைகள் என்பதால் கொஞ்சம் செல்லமும் அதிகம்தான். தாம்பரத்தில் எங்கள் ஃபிளாட்டில் கிறிஸ்துமஸ் என்றால் கடையில் வாங்கிய ஸ்டார், கடையில் வாங்கிய கேக், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மரம். எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் இரண்டும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடும்.

2024 கிறிஸ்துமஸ் அப்படியில்லை. அதைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

என் கணவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இடையன்குடி. திசையன்விளைக்குப் பக்கத்தில், செம்மணலும் பனைமரமுமாக இருக்கிற சின்ன ஊர். 2023 டிசம்பரிலேயே அங்கே போவதற்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். அதற்குள் அந்த மாதம் 17, 18 தேதிகளில் கொட்டியதே ஒரு பேய்மழை, மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரை புரண்டு, ரயில் பாதையெல்லாம் அரித்து, டி.வி.யைப் பார்க்கவே பயமாக இருந்தது. "பிள்ளைகளை வச்சுக்கிட்டு இந்த நேரத்துல வேண்டாங்க, பொங்கலுக்குப் போவோம்" என்று டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னது நான்தான். கிறிஸ்துமஸுக்குள் திருநெல்வேலிக்கு ரயில்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஆனால் நாங்கள் போகவில்லை. பொங்கலுக்கும் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது.

2024 ஆகஸ்டில் என் மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார். பேரப்பிள்ளைகளோடு ஊரில் ஒரு கிறிஸ்துமஸ் கொண்டாட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அது நடக்கவே இல்லை. இந்த முள் என் மனசில் குத்திக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் அரையாண்டு விடுமுறை விட்டதுமே கிளம்பிவிட்டோம். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியும்போது திருநெல்வேலி. அங்கிருந்து பஸ் பிடித்துத் திசையன்விளை, அப்புறம் இடையன்குடி. வழியெல்லாம் வாழையும் பனையும் கடந்துபோகும். பஸ்ஸில் சின்னவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்குகிற ஸ்டாரை எண்ணிக்கொண்டே வந்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று எழுபதுக்கு மேல் எண்ணிவிட்டாள்.

ஆச்சி வீட்டு வாசலில் மட்டும் ஸ்டார் இல்லை.

"ஆச்சி, உங்க ஸ்டார் எங்கே?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மொதல்ல காப்பி குடிக்கலாம், வாட்டி" என்றபடி உள்ளே போய்விட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், அதற்கடுத்து வரும் முதல் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் ஸ்டார் கட்ட மாட்டார்கள். பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். புதுத் துணி எடுக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள், இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

அத்தையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கியது. பாதியாக இளைத்துப் போயிருந்தார்கள். காலையில் ஒரு தம்ளர் காப்பி, மத்தியானம் ரெண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான். கேட்டால், "ஒத்தையா இருக்கவளுக்கு என்னத்த பொங்க?" என்பார்கள். நடுவீட்டில் மாமாவின் ஈஸிசேர் அப்படியே கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

முதல் நாள் பிள்ளைகள் இரண்டும் மந்திரித்து விட்டது போல் சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டாம் நாள் காலையில் எதிர்வீட்டு மாமி வந்தார்கள். "மைனி, எங்க வீட்டுல இன்னைக்கு கல்கல் உருட்டுதோம். பேரப்பிள்ளைய ரெண்டையும் அனுப்புங்க. ஆள் போதல" என்றார்கள். ஆள் போதாமல் இல்லை. அங்கே போய்ப் பார்த்தால் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! அத்தையின் வீட்டில் சட்டி வைக்கக் கூடாது, ஆனால் பிள்ளைகளின் கை சும்மா இருக்கக் கூடாது என்று யோசித்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஃபிளாட்டில் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குச் சரியாகத் தெரியாது.

கல்கல் செய்வது சுலபம். அரைக் கிலோ மைதாவில் இரண்டு ஸ்பூன் நெய்யை உருக்கி விட்டுப் பிசிற வேண்டும். சர்க்கரைப் பொடி ஒரு கப், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டை சேர்த்து, கெட்டியான தேங்காய்ப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பிறகு சின்னச் சின்ன உருண்டையாக எடுத்து, முள்கரண்டியின் முதுகில் வைத்துப் பெருவிரலால் அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சோழி மாதிரி வரும். நிதானமான தீயில் பொன்னிறமாகப் பொரித்தெடுத்தால் பத்து நாளைக்குக் கெடாது. இந்தச் சுருட்டுகிற வேலை இருக்கிறதே, அது குழந்தைகளுக்கென்றே ஏற்பட்டது. என் மகள் சுருட்டியவை சோழி மாதிரியும் இல்லை, சங்கு மாதிரியும் இல்லை. ஆனாலும் அந்த மாமி ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. அப்படியே எண்ணெயில் போட்டார்கள்.

பக்கத்தில் இன்னொரு அடுப்பில் முந்திரிக்கொத்து. பெயர்தான் முந்திரி, உள்ளே இருப்பது வறுத்து அரைத்த பாசிப்பயறும் தேங்காயும் எள்ளும். கருப்பட்டிப் பாகு ஊற்றி உருண்டை பிடித்து, மாவில் தோய்த்து, மூன்று மூன்றாகச் சேர்த்துக் கொத்தாகப் போடுவார்கள். பனங்காட்டு ஊர் ஆயிற்றே, கருப்பட்டியின் வாசனை தெருமுனை வரை வந்தது.

சாயங்காலம் அந்த மாமி ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து அத்தையின் முன்னால் வைத்தார்கள். "இது எங்க வீட்டுப் பலகாரம் இல்ல மைனி. ஒங்க பேத்தி உருட்டினது. தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க." சின்னவள் ஒன்றை எடுத்து ஆச்சியின் வாயருகில் நீட்டினாள். அத்தை தின்றார்கள். அப்புறம் கையை நீட்டி இன்னொன்று எடுத்துக்கொண்டார்கள். மாமி வெறும் வாளியோடு திரும்பக் கூடாது என்று அதில் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள். நான் அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் என் கணவர் பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். இடையன்குடிக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பரிசுத்த திரித்துவ ஆலயத்தைத்தான். கூரிய வளைவு ஜன்னல்களும் உயரமான கூரையுமாகப் பனைகளுக்கு நடுவே கம்பீரமாக நிற்கிறது. 1841-ல் இந்த ஊருக்கு வந்த கால்டுவெல் ஐயர் கட்டியது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டாரே, அவரேதான். ஆலய வேலை 1847-ல் தொடங்கி 1880-ல்தான் முடிந்ததாம். 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் வாழ்ந்த வீட்டை 2011-ல் தமிழக அரசு நினைவில்லமாக ஆக்கியிருக்கிறது.

"முப்பத்து மூணு வருஷமா கட்டினாங்க? அதுவரைக்கும் கிறிஸ்துமஸ் எங்கப்பா கொண்டாடினாங்க?" என்று கேட்டான் பெரியவன்.

"இருக்கிற இடத்துலதான். கட்டி முடியட்டும்னு பண்டிகை காத்திருக்குமாடா?" என்றார் அவர்.

கால்டுவெல் அம்மையார் எலைசா பற்றியும் பெண்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் நாகர்கோவிலில் இருந்த மால்ட் ஐயரின் மகள். எங்கள் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த மார்த்தா மால்ட் அம்மையார்தான் அவருடைய தாயார். தாயிடம் கற்றதை மகள் இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். திண்டு ஒன்றில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது. கண்ணுக்கும் பொறுமைக்கும் பெரிய சோதனை. அத்தையின் பீரோவில் அவர்களுடைய மாமியார் பின்னிய ஒரு மேஜை விரிப்பு இருக்கிறது. மஞ்சளித்துப் போனாலும் ஒரு நூல்கூட அறவில்லை.

அன்று மத்தியானம் உவரிக் கடற்கரைக்கும் போய்வந்தோம். பக்கம்தான். அங்கே கப்பல் வடிவத்திலேயே கட்டிய மாதா கோயில் ஒன்று இருக்கிறது, கப்பல் மாதா கோயில் என்பார்கள். வைக்கோல் போட்டுக் குடில் அமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்குட்டி பொம்மையைத் தொட்டுப் பார்க்கச் சின்னவளுக்கு அனுமதி கிடைத்தது. அன்று முழுவதும் அதே பேச்சுதான்.

திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது பெரியவன் பரணிலிருந்து கத்தினான். ஏணி வைத்து ஏறிவிட்டிருக்கிறான்! "அம்மா, இங்க ஒரு பெரிய ஸ்டார் இருக்கு!"

பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தது. மூங்கில் குச்சிகளைச் சீவி, நூலால் இறுக்கிக் கட்டி, சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதம் ஒட்டிய ஸ்டார். பிள்ளை உயரம் இருக்கும். ஒரு மூலையில் மட்டும் காகிதத்தைக் கரப்பான் அரித்திருந்தது. அத்தை ஓடிவந்து பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இது போன வருஷம் அவிய செஞ்சது. மழ விட்ட மறுநாளே மூங்கில் சீவ உக்காந்துட்டாவ. நீங்க வரலன்னு போன் பண்ணின பொறவும் விடல. 'வராட்டி என்ன, அடுத்த வருஷம் வரும்லா'ன்னு பசை காச்சி ஒட்டினாவ. 'பிள்ளைய வந்து பல்பு போடட்டும்'னு கட்டாமலே சுத்தி வச்சாவ" என்றார்கள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அத்தை, டிக்கெட்டை ரத்து பண்ணச் சொன்னது நான்தான். அவங்க மேல தப்பில்லை. ரயில் ஓட ஆரம்பிச்ச பிறகாவது வந்திருக்கலாம், நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அத்தை என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணிக்குள்ள பிள்ளைகள இழுத்துட்டா வர முடியும்? ஒன் எடத்துல நான் இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்" என்றார்கள். அவ்வளவுதான். பதினாறு மாதமோ பதினேழு மாதமோ அல்ல, ஒரு வருஷமாக நான் சுமந்ததை அந்த ஒரு வார்த்தையில் இறக்கி வைத்துவிட்டார்கள்.

இப்போது பிள்ளைகள் ஸ்டாரை விடுவதாக இல்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் என் நாத்தனாருக்கு இவர் போன் செய்து கேட்டார். "அப்பா போய் நாலு மாசம்தான் ஆகுது. வாசல்ல ஸ்டார் கட்டினா ஊர் என்ன சொல்லும்?" என்று அண்ணி வருத்தப்பட்டார்கள். அதுவும் நியாயம்தானே! அவர்களுக்கு அப்பா. நான் வாயே திறக்கவில்லை. இது மருமகள் முடிவு செய்கிற விஷயமல்ல.

முடிவு செய்தது அத்தைதான். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அடுக்களையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், அத்தை மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "சிவப்புக் காயிதம் எங்கயாம் இருக்கா பாரும்மா" என்றார்கள். சின்னவளின் பரிசுப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்துக் கொடுத்தேன். கரப்பான் அரித்த இடத்தில் ஒட்டிவிட்டு, "வாசல்ல வேண்டாம். அது ஊருக்கு. பின் தாழ்வாரத்துல கட்டுங்க. அது பிள்ளைகளுக்கு" என்றார்கள்.

24ஆம் தேதி சாயங்காலம் பெரியவன் பல்பு போட, சின்னவள் ஸ்விட்சைத் தட்ட, பின் தாழ்வாரத்தில் தாத்தாவின் ஸ்டார் எரிந்தது. அத்தை மாமாவின் ஈஸிசேரை அங்கே இழுத்துப் போட்டார்கள். பேரப்பிள்ளைகளை அதில் உட்காரச் சொன்னார்கள்.

அன்று ராத்திரி பாடகர் குழு வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்தது. துக்க வீடு என்பதால் எங்கள் வாசலுக்கு வந்ததும் டிரம்மை நிறுத்திவிட்டார்கள். மெதுவாக ஒரு பாட்டுப் பாடி ஜெபம் செய்தார்கள். கிளம்பும்போது ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்து, "பின்னால வெளிச்சம் தெரியுதே?" என்றார். "பிள்ளைய வந்திருக்குல்லா" என்றார்கள் அத்தை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று இருட்டோடு எழுந்து, பனியில் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டி, அதிகாலை ஆராதனைக்குப் போனோம். கோயில் மணிச் சத்தத்தில் சின்னவள் தூக்கம் கலைந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மாமாவின் கல்லறையில் பூ வைத்தோம். "தாத்தா, ஸ்டார் நல்லா எரியுது" என்று என் மகன் சத்தமாகவே சொன்னான். வீட்டுக்கு வந்தால் மேஜையில் அந்த லேஸ் விரிப்பு. அதன்மேல் அக்கம்பக்கத்திலிருந்து வந்த பலகாரத் தட்டுகள் பதினொன்று! மத்தியானம் அண்ணி குடும்பத்தோடு வந்தார்கள். ஸ்டாரின் அடியில் நின்று, குச்சிகளைக் கட்டியிருந்த நூலைத் தொட்டுப் பார்த்தார்கள். "அப்பா முடிச்சு" என்று மட்டும் சொன்னார்கள். அன்று அத்தை எங்களோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் நீங்களும் ஸ்டார் செய்து பாருங்களேன். பெரிய வித்தையில்லை. ஒரே அளவு மூங்கில் குச்சிகள் பத்து வேண்டும். ஐந்து குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்துக் கட்டினால் ஐந்து முனை ஸ்டார். அதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் சாண் நீளக் குறுங்குச்சியை இரண்டுக்கும் நடுவே நிறுத்திக் கட்டினால் ஸ்டார் உப்பிக்கொள்ளும். பிறகு காகிதம் ஒட்டி, பல்பு வைக்க ஒரு பக்கம் மட்டும் திறந்து விடுங்கள். காகிதத்துக்குள் மெழுகுவர்த்தி கூடவே கூடாது, சூடாகாத எல்.இ.டி. பல்புதான் நல்லது. குச்சி சீவுவதையும் மின்சார இணைப்பையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பசை தடவுவதும் ஒட்டுவதும் பிள்ளைகள் பாடு. கோணலாகத்தான் ஒட்டும். இருக்கட்டும். பலகாரம் செய்யும்போது மாவு உருட்டுகிற இடம் ஒரு பக்கம், எண்ணெய்ச் சட்டி இன்னொரு பக்கம் என்று தள்ளியே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் பிள்ளைகளைச் "சும்மா இருங்க" என்று அடக்கிக்கொண்டே இருக்கிறோம். அவர்களுக்கும் தாத்தா போன துக்கம் உண்டு. கையில் ஒரு வேலையைக் கொடுத்து, போனவரைப் பற்றிப் பேசவும் விட்டால் அவர்களும் தேறுவார்கள், பெரியவர்களையும் தேற்றுவார்கள். வாசலில் கட்ட முடியாவிட்டால் பின் தாழ்வாரம் இருக்கிறதே!

ஊருக்குத் திரும்புகிற அன்று ஸ்டாரைத் தாம்பரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இரண்டும் அடம் பிடித்தன. அத்தை கொடுக்கவில்லை. மாமாவின் அதே பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைக்கச் சொன்னார்கள்.

"அது இங்கனயே இருக்கட்டும். அடுத்த வருஷம் வாசல்ல கட்டணும். நீங்கதான் வந்து எடுக்கணும்" என்றார்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் நான் செய்த முதல் வேலை, புதுக் காலண்டரில் டிசம்பர் தாளைப் புரட்டி ஒரு ஸ்டார் வரைந்து வைத்ததுதான்.